நெஞ்சுக்கு வரும் கை

எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் மலேசியாவில் ஜொகூருக்கு வேலைக்குப் போகிறான். "அங்க போனா முதல்ல என்ன தெரிஞ்சிருக்கணும், டீச்சர்?" என்று கேட்டான்.

"கை கொடுக்கத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தான். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். புதுச்சேரியில், பிரெஞ்சு கவர்னர் லாவின் பெயரைச் சுமக்கிற லாஸ்பேட்டையில் பிறந்தவள் நான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் தாத்தா, வீட்டுக்கு யார் வந்தாலும் கையை இறுகப் பற்றிக் குலுக்குவார். பிடி தளர்ந்தால் மரியாதை குறைந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

மகளின் பேறுகாலத்துக்காக அதே மலேசியாவில் கிள்ளானுக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். முதல் நாளே பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி பார்க்க வந்தார். இரண்டு கைகளையும் நீட்டி என் கையை லேசாகத் தொட்டார். அழுத்தவில்லை, குலுக்கவில்லை. கையை மெல்ல எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மனம் ஒட்டாமல் கொடுத்த கை என்று எனக்குப் பட்டது. அவர் போனபின் மகள்தான் சொன்னாள்: "தொட்டதை நெஞ்சுல வாங்கி வெச்சுக்கிறாங்கம்மா." அதுதான் சலாம்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது தாயின் வலக்கையைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்கள். நான் அங்கிருந்தபோது நோன்புப் பெருநாள் வந்தது. அன்று அவருடைய கணவர், தலை நரைத்தவர், தம் தாயின் முன் மண்டியிட்டு "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்றார். வெளியே தெரியச் செய்த பிழையையும் உள்ளுக்குள் செய்த பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். உள்ளத்தால் செய்த பிழைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கும் பண்டிகையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அன்று அவர்கள் வீட்டுக் கதவு சாத்தப்படவே இல்லை. சீனர், தமிழர் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் சாப்பாடு. அந்த வழக்கத்துக்கு 'ரூமா தெர்புகா', திறந்த வீடு, என்றே பெயர்.

மலாய்க்காரர்களின் சில பழக்கங்கள் எனக்குப் புதிதே அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றுவது, வலக்கையால் கொடுத்து வாங்குவது எல்லாம் நம்முடையவைதான். வழியில் பார்த்தால் "டா மக்கான்?" என்பார்கள், நம் "சாப்டாச்சா?"தான் அது. அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. நாம் அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம், அவர்கள் தம் பெயருக்குப் பின்னால் 'பின்', 'பிந்தி' சேர்த்து அப்பா பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் எதையும் சுட்டுவிரலால் காட்டக் கூடாது. சந்தையில் நான் ஒரு மீனை அப்படிக் காட்டியதும், கூட வந்த பக்கத்து வீட்டு அம்மா தம் வலக்கையை மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து அதே மீனைக் காட்டினார். என்னைத் திருத்துவதுபோல் ஒரு சொல் சொல்லவில்லை.

நல்ல நடத்தைக்கு மலாயில் 'பூடி பஹாசா' என்பார்கள். புத்தி, பாஷை என்ற இரண்டு சொற்களும் வடமொழியிலிருந்து அங்கே போனவை. அந்த நடத்தைக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1969 மே மாதம் கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அந்த நாடு 'ருக்குன் நெகாரா' என்று ஐந்து கோட்பாடுகளை அறிவித்தது. ஐந்தாவது, நன்னடத்தையும் ஒழுக்கமும். ரத்தம் சிந்திய பிறகு ஒரு தேசம் தன் மக்களிடம் கேட்டுக்கொண்டவற்றில் மரியாதையும் ஒன்று என்பதை நினைத்தால், அந்தப் பெண்மணியின் லேசான தொடுகைக்கு இருக்கும் கனம் எனக்குப் புரிகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். பையன் பலமாகப் பிடித்தான். "பிடிக்காதே, தொடு" என்றேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"என் சூப்பர்வைசர் ஒரு லேடியாம், டீச்சர். மலாய்க்காரங்க."

"அப்போ நீயா கை நீட்டாதே. அவங்க நீட்டினா கொடு. இல்லேன்னா வலது கையை நெஞ்சுல வெச்சு லேசா தலை குனி, போதும்."

எழுந்து நின்று செய்து பார்த்தான். "இவ்வளவு குனிஞ்சா போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.