தீ வைத்தது யார்? நடுக்குப்பத்தின் கேள்வி!

2017 ஜனவரி 17-ந் தேதி. ஜல்லிக்கட்டு தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர் கூட்டம் திரண்டது. ஊரே மெச்சியது; காவலுக்கு நின்ற போலீசாரையும் சேர்த்துத்தான்!

23-ந் தேதி எல்லாம் தலைகீழ். அதிகாலையில் கூட்டத்தைக் கலைத்தார்கள். ஐஸ் அவுஸ் போலீஸ் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. நடுக்குப்பம் மீன் மார்க்கெட்டும் எரிந்தது.

சமூக விரோதிகள் புகுந்துவிட்டதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. தீ வைத்ததே போலீஸ்தான் என்றார்கள் குப்பத்து மக்கள். வீடியோக்களும் பரவின. நீதிபதி ராஜேஸ்வரன் கமிஷன் விசாரித்தது.

நம்ம ஆள் செஞ்சா போராட்டம், மத்தவன் செஞ்சா கலவரமா? ஒரு வார அமைதியை ஒரு நாள் தீ அழிச்சிடுமா? சட்டையைப் பார்க்காமல், தீ வைத்த கையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லணும். இல்லையென்றால், கடையை இழந்த மீன்காரம்மாவுக்கு என்ன பதில்?