பழைய கணினிக்கேற்ற நினைவகம்

ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்றது. பின்னர் அதன் வாயிலை மணல் மூடியபோது, மீன்பிடிப் படகுகள் உள்ளே நுழைய வழியின்றித் தவித்ததை இக்கரையோர மக்கள் நன்கறிவர். கலம் எத்துணைச் சிறந்ததாயினும் வாயில் இடந்தராவிடில் பயனில்லை. பழைய மேசைக் கணினிக்கு நினைவகம் வாங்கப் புகுவோரும் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

2022ஆம் ஆண்டில் இலங்கை ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபின், புதுக் கணினி பல குடும்பங்களுக்கு எட்டாக் கனியாயிற்று. பிள்ளைகளின் படிப்புக்குப் பழைய கணினியே துணையாக நிற்கும் இல்லங்கள் பல. 'ராம்' எனப்படும் நினைவகத்தை 2 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்தினால், அக்கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும். ஆனால், அளவை மட்டும் நோக்கி வாங்குவோர் பொருளை இழக்க நேரிடும்.

முதலில் அறியவேண்டியது தலைமுறை. டிடிஆர்2 வகை 2003ஆம் ஆண்டிலும், டிடிஆர்3 வகை 2007ஆம் ஆண்டிலும், டிடிஆர்4 வகை 2014ஆம் ஆண்டிலும் வழக்கிற்கு வந்தன. முன்னிரண்டிற்கும் 240 தொடுமுனைகள் உண்டு. ஆயினும் அடிப்புறத்து வெட்டு வெவ்வேறிடத்தில் அமைந்துள்ளது. மின்னழுத்தமும் முறையே 1.8, 1.5 வோல்ட் என வேறுபடும். ஆகவே ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வலிந்து அழுத்தினால் தாய்ப்பலகையே பழுதாகும்.

இரண்டாவது, தாய்ப்பலகையின் எல்லை. இன்டெல் ஜி41 வகைப் பலகை 8 ஜிபிக்கு மேல் ஏலாது. எச்61 வகை 16 ஜிபி வரை ஏற்கும். விண்டோஸ் 32 பிட் பதிப்பாயின், வீட்டுப் பயன்பாட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்டது வீணேயாம். 64 பிட் பதிப்பே அதற்கு வழி.

மூன்றாவது, உருவமும் வகையும். மடிக்கணினியின் குட்டையான அட்டை மேசைக் கணினியிற் பொருந்தாது. 'சேர்வர்' கணினிகளிலிருந்து கழற்றி மலிவாய் விற்கப்படும் 'ரெஜிஸ்டர்ட்' அட்டைகளும் சாதாரணக் கணினிகளில் இயங்கா. வேகம் வேறுபட்ட இரண்டினை இணைத்தால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும்.

இவற்றை அறிவது எங்ஙனம்? மின்னிணைப்பைக் கழற்றிய பின் பெட்டியைத் திறந்து, பழைய அட்டையின் ஒட்டுத்தாளைப் படியுங்கள். 'பிசி3-10600' என்றிருப்பின் அது 1333 வேகமுடைய டிடிஆர்3 ஆகும். 'பிசி2-6400' என்பது 800 வேகமுடைய டிடிஆர்2. அவ்வட்டையையும், தாய்ப்பலகையில் அச்சிடப்பட்ட பெயரையும் குறித்துக்கொண்டு கல்முனைக் கடைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்று. கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து தொடுமுனைகளை மங்கச் செய்தல் இயல்பு. கணினி திரை காட்டாது நின்றால், உடனே புதியது வாங்க வேண்டாம். பழைய அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிறப்பரால் மெல்லத் துடைத்து, மீண்டும் பொருத்திப் பாருங்கள். செலவின்றியே குறை தீர்தலும் உண்டு.