களைக்கொல்லியும் தீவின் நீரும்

தெற்கு அந்தமானில் போர்ட் பிளேயர் துறைமுகத்தின் மறுகரையில் அமைந்துள்ள ஊர் பாம்பூஃப்ளாட். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகருக்கும் இவ்வூருக்கும் இடையே படகுப் போக்குவரத்து உண்டு. ஊருக்குப் பின்னால் காடு அடர்ந்த குன்றுகள் உள்ளன. இவ்வட்டாரத்துச் சரிவுகளில் தென்னை, பாக்கு, வாழை ஆகியவையும், பள்ளங்களில் நெல்லும் காய்கறியும் பயிராகின்றன. அவற்றுக்கு அப்பால் ஓடை, அலையாத்திக் காடு, கடல். மேட்டில் ஊற்றப்படுவது எதுவாயினும் விரைவில் பள்ளத்தை அடையும். பள்ளத்தில் தேங்குவது கடலில் கலக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் களைக்கொல்லியைப் பற்றிய எந்த ஆலோசனையும் இந்த நில அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

களையும் கூலியும்

மே முதல் டிசம்பர் வரை நீடிக்கும் மழை, பயிரை வளர்ப்பது போலவே களையையும் வளர்க்கிறது. நெல் வயலில் குதிரைவாலிப் புல், தோட்டத்தில் அறுகு, இரண்டிலும் கோரை என இவை நீருக்கும் உரத்துக்கும் ஒளிக்கும் பயிருடன் போட்டியிடுகின்றன. நட்ட நெல்லில் முதல் 40 நாட்களுக்குள் களையைக் கட்டுப்படுத்தாவிடில், பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் இழந்த மகசூலை மீட்க இயலாது. இளம்பருவத்தில் புல்வகைக் களை நெல்லைப் போலவே தோன்றுவதால், கைக்களை எடுப்போருக்கும் அதனை இனங்காண்பது எளிதன்று.

ஆள் கிடைப்பது அரிதாகி, கூலியும் உயரும்போது விவசாயி களைக்கொல்லியை நாடுவது இயல்பே. அதன் விலையையும் கூலியையும் ஒப்பிட்டால், களைக்கொல்லியே சிக்கனமாகத் தோன்றும். ஆனால் தெளிப்பவரின் உடல்நலமும், ஓடை நீரும், அடுத்த வயலின் பயிரும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்த்த பின்னரும் சிக்கனமாக அமையும் முறையே பாதுகாப்பான முறை எனலாம்.

காலமும் நீரும்

நெல்லுக்குரிய களைக்கொல்லிகள் இரு வகைப்படும். களை முளைக்கும் முன் இடுவது ஒன்று. முளைத்த பின் தெளிப்பது மற்றொன்று. முதல் வகையில் பிரெட்டிலாகுளோர் பரவலாகப் பயன்படுகிறது. நடவு முடிந்த 3 முதல் 5 நாட்களுக்குள், வயலில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது இதனை இட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு நீரை வடிக்கக் கூடாது. சேற்றில் நேரடியாக விதைத்த வயலுக்கு, இளநாற்றைக் காக்கும் பொருள் சேர்க்கப்பட்ட பிரெட்டிலாகுளோரே ஏற்றது.

முளைத்த பின் தெளிப்பதற்கு பிஸ்பைரிபேக் சோடியம் உதவுகிறது. களை இரண்டு முதல் நான்கு இலைகள் விட்ட பருவமே இதற்கு உகந்தது. களையின் இலைகள் வெளியே தெரியுமாறு நீரை வடித்துத் தெளித்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் மீண்டும் நீர் கட்ட வேண்டும். நீரை வடிக்கும் வேலை தெளிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தெளித்தபின் திறந்துவிடும் மடை மருந்தை ஓடைக்கு அனுப்பிவிடும்.

தெளித்த சில மணி நேரத்தில் பெருமழை பெய்தால் களையும் சாகாது, நீரும் கெடும். ஆகவே வானம் கறுத்திருக்கும் நாளில் தெளிப்பு வேலையை ஒத்திவைப்பதே முறை. வயல் வரப்புகள் உடையாமல் உயர்ந்திருப்பதும் இன்றியமையாதது. முதல் மூன்று நாட்கள் வயலின் நீர் வயலிலேயே நின்றால், களை கட்டுப்படுவதுடன் ஓடையும் காக்கப்படும்.

அளவு அறிதல்

மருந்தை மூடியால் உத்தேசமாக ஊற்றுவது பல இடங்களில் காணப்படும் வழக்கம். இதனால் மருந்து ஓரிடத்தில் குறைந்தும் மற்றோரிடத்தில் மிகுந்தும் போகிறது. இதனைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தை அளந்து, கைத்தெளிப்பானில் வெறும் நீரை நிரப்பி, வழக்கமான நடையில் தெளிக்க வேண்டும். இந்த 100 சதுர மீட்டருக்கு 5 லிட்டர் நீர் செலவானால், ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் தேவை என்பது தெளிவாகும்.

50 சதவீத பிரெட்டிலாகுளோர் ஹெக்டேருக்கு 1.5 லிட்டர் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 15 லிட்டர் கொள்ளும் தெளிப்பானுக்கு, மேற்கண்ட கணக்கின்படி, 45 மில்லிலிட்டர் போதும். 20 சென்ட் நிலத்துக்கு மொத்தம் 40 லிட்டர் நீரும் 120 மில்லிலிட்டர் மருந்தும் ஆகும். உத்தேசமாக 100 மில்லிலிட்டரை ஒரு தெளிப்பானில் ஊற்றுபவர் இரு மடங்குக்கும் மேலான மருந்தை இடுகிறார். மிகுதியானது களையை இரு மடங்கு அழிப்பதில்லை. பயிரை வாட்டுகிறது, மீனுக்கும் தீங்கு செய்கிறது. களைக்கொல்லிக்குத் தட்டையாக விசிறும் நாசிலைப் பொருத்தி, அதனைக் கீழ்நோக்கி ஒரே உயரத்தில் பிடித்து, சீரான நடையில் செல்ல வேண்டும்.

தெளிப்பவரின் பாதுகாப்பு

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் களைக்கொல்லிகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு கலனிலும் நச்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், பச்சை குறைந்த நச்சு. வங்காளி, தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகள் வழங்கும் இத்தீவுகளில், கலனில் அச்சிட்ட எழுத்தை எல்லோராலும் படிக்க இயலாது. முக்கோணத்தின் பொருளைத் தெளிப்பவருக்கு நேரில் விளக்குவது, அவரை வேலைக்கு அமர்த்துபவரின் கடமையாகும்.

கையுறை, காலணி, கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை ஆகியவை தேவை. புழுக்கத்தில் இவை தொல்லையாகத் தோன்றலாம். ஆகவே காலையிலோ மாலையிலோ, காற்று அடங்கிய வேளையில் தெளிப்பது நல்லது. அடைத்த நாசிலை வாயால் ஊதுதல், இடையே பீடி புகைத்தல், உணவு உண்ணுதல் ஆகியவை கூடா. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

உடலில் மருந்து பட்டால் உடனே உடையைக் களைந்து நீரால் நன்கு கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தூய நீரால் கழுவுதல் வேண்டும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்யாமல், கலனின் சீட்டுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்குத் தனி மாற்று மருந்து இல்லை என்பது நினைவில் இருக்கத்தக்கது. எந்த மருந்தையும் குடிநீர்ப் புட்டியில் மாற்றி வைத்தல் கூடாது. பூட்டிய பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். காலிக் கலனை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டுப் பயனற்றதாக்க வேண்டும். ஓடையில் தெளிப்பானைக் கழுவுதல் அறவே தவிர்க்கத்தக்கது.

தெளிக்கலாகாத இடங்கள்

ஓடைக்கரை, கிணற்றடி, அலையாத்திக் காட்டின் ஓரம் ஆகியவற்றில் களையைக் கையாலோ கருவியாலோ நீக்குவதே தக்கது. இயற்கை வேளாண்மைக்குப் பதிவு செய்த நிலத்திலும் களைக்கொல்லிக்கு இடமில்லை. கார் நிக்கோபார், நான்கௌரி தீவுகளில் 14,491 ஹெக்டேர் பரப்பு 2021-இல் இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றது. இத்தகைய நிலத்துக்குப் பக்கத்து வயலிலிருந்து காற்றில் பரவும் திவலைகூட இழப்பை உண்டாக்கும். கிளைபோசேட்டைப் பூச்சித் தடுப்புப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என மைய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டதும் இங்கு நோக்கத்தக்கது.

ஒரே மருந்தை நம்பலாகாது

அரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் குல்லி டண்டா என்னும் புல்லைக் கட்டுப்படுத்த ஐசோபுரோடியூரான் ஆண்டுதோறும் தெளிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அப்புல் அம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. மருந்து வாங்கிய செலவும் வீண், விளைச்சலும் குறைவு என்னும் நிலை ஏற்பட்டது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தொடர்வது எந்தப் பயிரிலும் இதே விளைவைத் தரக்கூடும்.

களை விதையற்ற தூய நெல்விதை, சமன்செய்த நிலம், வரிசை நடவு, உருளைக் களைக்கருவி, காய்கறிப் பாத்திகளில் மூடாக்கு ஆகியவற்றை முதலில் கைக்கொண்டால், மருந்தின் தேவை பெரிதும் குறையும். எஞ்சிய தேவைக்கு மட்டும், மருந்தை மாற்றி மாற்றி, அளந்து பயன்படுத்தலாம். இத்தீவுகளின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற வேளாண்மை முறைகளை, 1978-இல் நிறுவப்பட்டு போர்ட் பிளேயரில் இயங்கிவரும் மையத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து வருகிறது. தெளிக்குமுன் அதன் ஆலோசனையையோ வேளாண்துறை அலுவலரின் ஆலோசனையையோ பெறுவது விவசாயிக்கு நலம் பயக்கும்.

பெருநிலத்தில் கெட்ட நீருக்கு மாற்றாக வேறோர் ஆற்றை நாட இயலும். தீவில் கிணறும் ஓடையும் கடலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அவற்றை விட்டு வேறு போக்கிடம் இல்லை. 20 சென்ட் நிலத்தில் 120 மில்லிலிட்டர் என்னும் அளவை மீறாத விவசாயி தம் செலவைக் குறைப்பதுடன், அடுத்த வீட்டுக் கிணற்றையும் அலையாத்திக் காட்டு மீனையும் காப்பவராகிறார்.