மச்சறையின் வெப்பம் தணியச் சிக்கன வழிகள்

வீட்டில் இடம் போதாமையால் மாடியில் ஓர் அறை எழுப்பி, அதில் தறியையோ விதை மூட்டைகளையோ வைத்துக்கொள்வது நம் அங்கத்தினரிடையே பரவியுள்ள வழக்கம். மெல்லிய காங்கிரீட் தளமோ தகடோ வேய்ந்த அவ்வறை, பங்குனி பிறந்ததும் அடுப்பென ஆகிவிடுகிறது. இதனால் உடலுக்கு வருத்தம் என்பதோடு தொழிலுக்கும் நஷ்டம் உண்டு.

பருத்தி நூல் சிறிது ஈரப்பதம் பெற்றிருக்கையில் வலுவாக நிற்கும்; உலர்ந்தால் எளிதில் அறும். மண் தரையில் அமைந்த குழித்தறிக்கு இயல்பாக வாய்க்கும் குளிர்ச்சி மாடித் தறிக்குக் கிடைப்பதில்லை. விதையின் நிலையும் கவலைக்குரியதே. சேமிப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை நூலார் கண்ட பொது விதி.

இதற்குப் பரிகாரமாகக் குளிர்சாதன யந்திரம் வாங்க எண்ணுவோர், வெப்பம் எவ்வழியே வருகிறதென முதலில் ஆராய்தல் நலம். உச்சி வெயில் முழுவதையும் ஏற்பது கூரையே. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உட்கொண்டு, பொழுது சாய்ந்த பின்னும் அறைக்குள் உமிழ்கிறது. அத்தளத்தின் கீழ்ச் சுழலும் மின்விசிறி, மேலே தேங்கிய சூட்டையே கீழே தள்ளுகிறது. ஆகையால் முதற் செலவு கூரைக்கே ஆகவேண்டும்.

எல்லாவற்றினும் மலிவானது தளத்தின் மேற்புறம் வெள்ளையடித்தல். பழைய சிமெண்டுத் தளம் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பியனுப்புவதே அரிது. புதிதாக வெள்ளையடித்த தளமோ முக்கால் பங்கு வரை திருப்பும். தளத்தைக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பசை கலந்து, இரண்டு மூன்று முறை பூசவேண்டும். கண்ணில் தெறிக்காதபடி எச்சரிக்கை தேவை. மழை கரைப்பதாலும் தூசி படிவதாலும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் அவசியம். இதனால் அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை தணியக்கூடும். 2010-ஆம் ஆண்டுக் கோடையில் பெரும் உயிர்ச்சேதம் கண்ட அகமதாபாத் நகரம், 2017-இல் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அளிக்கத் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

கல்நார்த் தகடு வேய்ந்தோர்க்கு ஓர் எச்சரிக்கை. அதனைச் சுரண்டவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. தகட்டின்மேல் நேரே காலூன்றுதலும் ஆபத்து.

அடுத்தது காற்றோட்டம். கூரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துவாரங்கள் இருப்பின் சூடான காற்று வெளியேறும். வெளிக்காற்று அனல் வீசும் நண்பகலில் சன்னல்களைச் சாத்தி, இரவிலும் விடியலிலும் திறந்து வைத்தல் முறை. மேற்குச் சன்னலுக்கு உட்புறத் திரையைவிட வெளிப்புறத் தட்டியே மேல். வெயிலை அது வெளியிலேயே தடுத்துவிடும். தறி அறையில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடலாம். விதை அறைக்கோ இது ஆகாது. ஈரம் விதையைக் கெடுக்கும்.

கையில் பொருள் சேர்ந்த பிறகு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறையை மேற்கொள்ளலாம். அப்பாரத்தைத் தளம் தாங்குமா என்று தேர்ந்தவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இவற்றைத் தனித்தனியே செய்வதினும் கூடிச் செய்தல் சிக்கனம். தெருவிலுள்ள அங்கத்தினர் பத்துப் பேர் சேர்ந்து சுண்ணாம்பை மொத்தமாக வாங்கி, மாசி மாதத்தில் முறைவைத்து ஒருவர் வீட்டுக்கு மற்றவர் உழைத்தால், கூலிச் செலவு மிஞ்சும். கோடை வருமுன் பத்து மச்சறைகளும் தொழிலுக்கு ஏற்றவையாகும்.