சுருள் வாள்: சுத்துறதை விட நிறுத்துறதுதான் கஷ்டம்

இன்னைக்கு நாம பேசப்போறது சுருள் வாள் பற்றி. களரிப்பயட்டில் இதுக்குப் பேரு உருமி. இடுப்பில் பெல்ட் மாதிரி சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளையும் எஃகுத் தகடு.

இதில் முதல் ஆபத்து எதிராளிக்கு இல்லை, சுத்துறவருக்குத்தான். அதனாலதான் களரியில் மெய்த்தாரி, கோல்தாரி முடிச்சு அங்கத்தாரிக்கு வந்த பிறகும் உருமி கடைசியாகத்தான் கைக்கு வரும். முதலில் உடம்பு, அப்புறம் கம்பு, அதுக்கப்புறம்தான் இரும்பு. 2017-இல் பத்மஸ்ரீ வாங்கிய வடகரா மீனாட்சி அம்மா, 70 வயதைத் தாண்டியும் களரியில் நின்றவர். அவசரப்பட்டு வருகிற கலை இல்லை இது.

இந்தத் தகட்டை விறைப்பா வைத்திருப்பதே அந்தச் சுழற்சிதான். நடுவில் பயந்து சட்டுனு கையை நிறுத்தினா தகடு நிக்காது, உங்க மேலேயே வந்து விழும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் அடக்கணும்.

வேலையை விடுறதா இருந்தாலும் சரி, கூட்டா நடத்துற தொழிலை மூடுறதா இருந்தாலும் சரி, இதே கணக்குதான். ஒரே நாளில் உதறிட்டு வந்தா அடி நமக்கும் விழும், பக்கத்தில் நிக்கிறவங்களுக்கும் விழும். புதுசா எதையாவது ஆரம்பிக்கும்போது, அதை எப்படி நிறுத்தப்போறோம்னும் ஒரு தடவை யோசிச்சு வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்!