மர நிழலும் தகர நிழலும்

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவாகச் சென்றிருப்பீர்கள். 1855-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை, சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே நெருக்கடியான இடத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1985-இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. இங்கே ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பில் காடு, குன்று, ஏரி எல்லாம் உண்டு. பெரிய விலங்குகளுக்குக் கம்பிக் கூண்டு இல்லை. அகழிக்கு அப்பால் அவை உலவுகின்றன. எனவே விலங்குகளுக்குக் கிடைத்த இடத்தை எல்லாம் பார்வையாளர் நடந்தே கடக்க வேண்டும்! மின்கல ஊர்திகள் ஓடினாலும், மாணவர் கூட்டம் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றுகிறது.

சுற்றிவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "உள்ளே போனதும் குளுகுளுவென்று இருந்தது" என்பார். அதே நாளில் அதே பூங்காவுக்குச் சென்ற இன்னொருவர், "வெயில் தாங்கவில்லை, தலைவலியோடு திரும்பினோம்" என்பார். இருவரும் சொல்வது உண்மையே. ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு இருவரும் சென்ற வழியில் நடந்தால், காற்றின் வெப்பநிலையில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு தெரியாமல் போகலாம். அப்படியானால் அந்தக் குளுமை எங்கிருந்து வந்தது?

மரங்கள் ஆக்ஸிஜனைத் தருவதால் குளிர்ச்சி என்று சிலர் எழுதுகிறார்கள். ஆக்ஸிஜனுக்கும் குளிர்ச்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விடையை நம் உடலின் வரவு செலவுக் கணக்கில்தான் தேட வேண்டும்.

நடக்கும்போது உங்கள் உடல் ஓர் அடுப்பு. 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் சாதாரணமாக நடந்தால், அவர் உடலில் வினாடிக்கு ஏறத்தாழ 200 ஜூல், அதாவது 200 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு கிலோ உடலின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 3,500 ஜூல் வேண்டும்; 40 கிலோவுக்கு 1,40,000 ஜூல். உண்டாகும் வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,40,000-ஐ 200-ஆல் வகுத்தால் 700 வினாடி, அதாவது பன்னிரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் உடல் வெப்பநிலை 37-லிருந்து 38 டிகிரிக்கு ஏறிவிடும். அரைமணி நேரத்தில் 39-ஐத் தாண்டி, கடுங்காய்ச்சல்காரரின் நிலைக்கு வந்துவிடுவோம். அப்படி நேராமல் நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 200 வாட்டை வெளியேற்ற மணிக்கு 300 மில்லிலிட்டர் வியர்வை ஆவியானால் போதும்.

'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. கடலோர நகரங்களின் தொல்லையே இதுதான். காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகத் தயங்குகிறது. வேலூரில் 38 டிகிரியைத் தாங்கிக்கொள்ளும் மனிதர் சென்னையில் 35 டிகிரியில் புழுங்குவதன் காரணமும் இதுவே.

இனி வெயிலைக் கணக்கில் சேர்ப்போம். தெளிந்த வானமுள்ள நண்பகலில், கதிர்களுக்கு நேர்க்குத்தான ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. முற்பகலில் பக்கவாட்டில் வரும் வெயில் ஒரு மாணவரின் உடலில் சுமார் கால் முதல் அரை சதுர மீட்டர் பரப்பைத் தாக்கும். உடையும் தோலும் ஒரு பகுதியை எதிரொளித்துவிட்டாலும், மீதி 200 வாட்டுக்குக் குறையாது. உடல் தானே உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமமான இன்னொரு பங்கை வெயில் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது இதன் பொருள். திறந்த பாதையில் நடப்பவர் இரண்டு அடுப்புகளைச் சுமக்கிறார். நிழலில் நடப்பவர் ஒன்றை மட்டுமே. காற்றை மட்டும் அளக்கும் வெப்பமானிக்கு இந்த இரண்டாவது அடுப்பு தெரியாது.

நிழல் என்றால் எல்லா நிழலும் ஒன்றா? ஒருமுறை மாணவர்களை வண்டலூருக்கு அழைத்துச் சென்று திரும்பும்போது, சாலையோரத்துத் தகரக் கொட்டகை ஒன்றில் பேருந்துக்காகக் காத்திருந்தோம். "சார், நிழல்லதான் நிக்கிறோம். ஆனா உச்சந்தலை காயுதே!" என்றான் ஒரு மாணவன். உச்சந்தலை என்று அவன் குறிப்பாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. வெப்பம் வந்த திசையை அவன் தோல் சரியாகக் கண்டுகொண்டிருந்தது.

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர்வீசுகின்றன. கதிர்வீச்சின் அளவு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டீபன் விதி. கோடைப் பகலில் துருவேறிய பழைய தகரம் 60 டிகிரிவரை எளிதில் சூடாகும். அதாவது 333 கெல்வின். துருவேறிய தகரம் ஏறத்தாழக் கரும்பொருளைப் போலவே கதிர்வீசுவதால், அதன் அடிப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 700 வாட் வெளிப்படும் என்று கொள்ளலாம். காற்றின் வெப்பநிலையை ஒட்டி 35 டிகிரியில், அதாவது 308 கெல்வினில் இருக்கும் இலைக்கூரையிலிருந்து வருவது சுமார் 510 வாட். இடைவெளி 190 வாட். கண்ணுக்குத் தெரியாத இந்த அகச்சிவப்பு வெயில்தான் அந்த மாணவனின் உச்சந்தலையில் அடித்தது. கூரைக்கு மேலே அடித்த வெயிலைத் தகரம் தடுத்தது உண்மை. அதில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக் கீழே அனுப்பியதும் உண்மை.

இலை மட்டும் ஏன் தகரம்போல் கொதிப்பதில்லை? முதலாவதாக, சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்புக் கதிர்கள். கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விரும்பி உண்ணும் இலை, இந்த அருகு அகச்சிவப்பில் பெரும்பகுதியை உறிஞ்சாமல் எதிரொளித்தும் ஊடுருவ விட்டும் தப்பித்துக்கொள்கிறது. இரண்டாவதாக, இலை சிறியது, மெல்லியது, அசைந்துகொண்டே இருப்பது. வாங்கிய வெப்பத்தைக் காற்றிடம் விரைவில் ஒப்படைத்துவிடும். புளிய மரத்தின் சின்னஞ்சிறு இலைகள் இதில் மிகக் கெட்டிக்காரர்கள். மூன்றாவது, நாம் மேலே பார்த்த வியர்வைக் கணக்குதான். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வேரில் ஈரம் இருந்தால் ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக்குவது வியப்பல்ல. 100 லிட்டருக்கு 24 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 67 யூனிட். ஒன்றரை டன் குளிர்பதனப் பெட்டி ஒன்று பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடி ஓர் அறையிலிருந்து அகற்றும் வெப்பம் இது. அந்தப் பெட்டி வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. மரமோ அதை நீராவிக்குள் ஒளித்து அனுப்புகிறது.

மண் காய்ந்துபோனால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். மூன்றாவது உபாயம் நின்றுவிடும். முதலிரண்டும் அப்போதும் வேலை செய்வதால் மர நிழல் தகர நிழலாகிவிடாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதர் மண்டிய இடத்தில் காற்றோட்டம் தடைப்பட்டு, நிழல் இருந்தும் புழுக்கமாக இருக்கும். உயர்ந்த மரங்களும் கீழே திறந்த வெளியும் உள்ள பாதையே நடப்பதற்கு உகந்தது.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தை ஒட்டியும், ஆகஸ்டு மாத நடுவிலும் சூரியன் நண்பகலில் சரியாக நம் தலைக்கு மேலே வருகிறான். அந்த நாள்களில் பன்னிரண்டு மணி கடந்த சில நிமிடங்களில் சுவர்களுக்கு நிழலே இருக்காது. எவ்வளவு உயரமான மதிலாக இருந்தாலும் அதன் அருகே நிற்பதில் பயனில்லை. தலைக்கு மேலே ஏதாவது இருந்தாக வேண்டும். வேம்பும் புங்கமும் பங்குனி, சித்திரையில் புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடுவது நமக்கு எவ்வளவு வசதி!

இப்போது 2016-க்கு வருவோம். அந்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்காவைச் சில வாரங்கள் மூட நேர்ந்தது. மீண்டும் திறந்தபோது, நிழலில் நடந்து பழகிய பல இடங்களில் நேர்வெயில் அடித்தது. மரம் விழுந்தால் கன்று நட்டுவிடலாம், கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பவர்கள் வட்டத்தின் பரப்புக்கு உரிய சூத்திரத்தை நினைவுகூர வேண்டும். 6 மீட்டர் ஆரமுள்ள கிளைப்பரப்பு ஏறத்தாழ 113 சதுர மீட்டர் நிலத்தை மூடும். 1 மீட்டர் ஆரமுள்ள கன்று மூடுவது 3 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக, ஒரு மரத்தின் நிழலுக்கு 36 கன்றுகள் வேண்டும். அந்த 36-க்கும் கீழே நீங்கள் நின்று பார்த்தால் உங்கள் தலை கிளைக்கு மேலே வெயிலில் இருக்கும்! கன்று நடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கும் பெரிய மரத்தை ஈடுசெய்ய இருபது ஆண்டுகளாவது பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

பார்வையாளர்களின் இன்னொரு குறை, "எல்லா விலங்கும் தூங்குகிறது" என்பது. பதினொரு மணிக்கு மேல் வந்து இப்படிச் சொல்வது நியாயமன்று. புலிக்கும் சிங்கத்துக்கும் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அவை மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, அதாவது அசையாமல், நிழலில் கிடப்பதே அவை கண்ட வழி. யானை சேற்றைப் பூசிக்கொள்கிறது, இரத்தக்குழாய்கள் நிறைந்த காதுகளை விசிறுகிறது. கூச்சலிட்டும் கல்லெறிந்தும் அவற்றை எழுப்பப் பார்க்கும் பெரியவர்களையே நான் கண்டிருக்கிறேன். கொளுத்தும் வெயிலில் உங்களை ஓடவைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேட்கலாம். கதவு திறந்தவுடன் காலையிலேயே உள்ளே செல்லுங்கள்; விலங்குகளும் நடமாடும், உங்கள் இரண்டாவது அடுப்பும் சிறியதாக இருக்கும்.

நடக்கும்போது உடன் வருபவர் யாருக்கேனும் தலைசுற்றல், குமட்டல், கடும் சோர்வு தெரிந்தால் பயணத் திட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே மர நிழலில் அமர்த்துங்கள். தோலை நீரால் நனைத்து விசிறுங்கள். தெளிவாக இருந்தால் சிறிது சிறிதாக நீர் பருகக் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நனைத்து விசிறுவதை நிறுத்தக்கூடாது.

நிழலில் அமர்ந்திருக்கும்போது தரையைப் பாருங்கள். வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் தெரியும். இலை இடுக்குகள் எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு வட்டமாகவே இருப்பது ஏன்? சிறிய இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் காமிரா. பொட்டு சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது சென்னையில் மர நிழலைப் பார்த்தவர்கள் தரையெங்கும் பிறைகளைக் கண்டார்கள். சூரியனின் தொலைவு அதன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 108 மடங்கு. எனவே பொட்டின் குறுக்களவை 108-ஆல் பெருக்கினால், அதை உண்டாக்கிய இடுக்கு கதிர் வந்த வழியில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கிடைக்கும். 5 சென்டிமீட்டர் பொட்டு என்றால் இடுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் தொலைவில். பொட்டு நீள்வட்டமாக இருந்தால் குறுகிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. பழைய பிங்பாங் பந்து ஒன்றில் துளையிட்டு, ஆய்வுக்கூட வெப்பமானியின் குமிழ் பந்தின் நடுவில் நிற்குமாறு செருகி மெழுகால் அடையுங்கள். பந்துக்கு மங்கலான கறுப்பு வண்ணம் பூசுங்கள். இது கதிர்வீச்சையும் சேர்த்து உணரும். இதன் பக்கத்தில் வெள்ளைத்தாளால் வெயில் மறைத்த சாதாரண வெப்பமானி ஒன்று இருக்கட்டும். திறந்த மைதானம், தகரக் கூரையின் அடி, வேப்பமரத்தின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இரண்டையும் தொங்கவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வோர் இடத்துக்கும் எழுதுங்கள். நேரத்தையும், மேகம் இருந்ததா என்பதையும், காற்று வீசியதா என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மறுநாள் வரும் அளவுகளோடு ஒப்பிட முடியாது.