சரியாகக் கட்டுவதும் சரியானதைக் கட்டுவதும்

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழு, குடோனில் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்க ஒரு மொபைல் ஆப் செய்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், மொத்தம் ஆறு ஸ்பிரின்ட். தினமும் காலையில் பதினைந்து நிமிடக் கூட்டம், ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் டெமோ, எல்லாம் ஒழுங்காக நடந்தது. சொன்ன தேதியில் ஆப் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், குடோனில் பழையபடி பில்லின் பின்பக்கத்தில் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். காரணம் ரொம்பச் சின்னது. அந்தத் தகரக் கூரைக்கு அடியில் சிக்னலே கிடைக்காது, எங்க ஆப்போ இணையம் இல்லாமல் திறக்கவே திறக்காது. அந்த மூன்று மாதத்தில் எங்களில் ஒருத்தர்கூட குடோனுக்குப் போகவில்லை.

அஜைல் முறையில் வேலை செய்தும் இது எப்படி நடந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேடினால், கடைசியில் டிசைன் திங்கிங்கில் வந்து நிற்போம். இரண்டையும் சேர்த்துச் செய்யணும்னு எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

முதலில் இரண்டும் எந்தப் பிரச்சினைக்குப் பிறந்தவை என்று பார்த்துவிடலாம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய அறிக்கையால் அஜைல் என்ற பெயர் நிலைத்தது. ஒரு வருடத்துக்குத் திட்டம் போட்டு, கடைசி மாதத்தில்தான் ஓடுகிற மென்பொருளைக் கண்ணில் காட்டுகிற வழக்கத்துக்கு அது மாற்று. சின்னச் சின்னத் துண்டாகச் செய், உடனே காட்டு, கேட்டதை வைத்துத் திருத்து. டிசைன் திங்கிங் வடிவமைப்பாளர்களின் பட்டறையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஐடியோ என்ற நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அதைப் பரவலாக்கின. பயன்படுத்துபவரைக் கூர்ந்து கவனிப்பது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது என ஐந்து படிகளாக அதைச் சொல்வார்கள்.

அஜைலும் வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்யத்தானே சொல்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறதுதான். ஆனால் நடைமுறையில் டெமோவுக்கு வந்து உட்காருபவர் யார்? பணம் கொடுப்பவர், அல்லது அவருடைய மேலாளர். குடோனில் மூட்டை எண்ணுகிறவர் அந்த அறைக்கு வருவதே இல்லை. எங்க டெமோவிலும் அப்படித்தான். கைதட்டியவர்கள் யாரும் அந்த ஆப்பைப் பயன்படுத்தப் போகிறவர்கள் இல்லை.

சரி, சேர்ப்பது எப்படி? பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது இது: ஆரம்பத்தில் இரண்டு நாள் டிசைன் திங்கிங் பயிலரங்கம். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. அதைப் புகைப்படம் எடுத்து ஒரு பிபிடி ஆக்கி, கட்டுகிற குழுவிடம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வழக்கமான ஸ்பிரின்ட்தான். நாலாவது ஸ்பிரின்ட்டில் அந்த பிபிடியை யாரும் திறப்பதில்லை. நேரில் பார்த்தவருக்குத் தெரிந்ததில் பாதி எழுத்தில் வருவதில்லை. அதோடு, பாதி கட்டிய பிறகுதான் புதுக் கேள்விகள் முளைக்கும். அப்போது கேட்பதற்கு ஆள் இருக்காது.

இதைக் கொஞ்சம் நன்றாகச் செய்த ஓர் உதாரணம் பிரிட்டன் அரசின் கவ்.யுகே தளம். 2011-ல் அங்கே அரசு டிஜிட்டல் சேவை என்ற பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு சின்னக் குழு சுமார் 12 வாரத்தில் ஒரு மாதிரித் தளத்தைக் கட்டி, 2011 மே மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அது தூக்கிப் போடுவதற்காகவே செய்த மாதிரி. வந்த கருத்துகளை வைத்து 2012 தொடக்கத்தில் பீட்டா, 2012 அக்டோபர் 17 அன்று முழுத் தளம். டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய பழைய தளங்களின் இடத்தை அது பிடித்தது. 2013-ல் லண்டன் டிசைன் மியூசியம் அதற்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. பார்த்தால் வெறும் எழுத்தாக இருக்கும் தளத்துக்கா விருது? அதில் பொது விடுமுறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது பெரிய எழுத்தில் முதலிலேயே இருக்கும். வருகிறவருக்கு வேண்டியது அதுதான்.

இந்த அனுபவத்திலிருந்து அவர்கள் நான்கு கட்டங்களை வழக்கமாக்கினார்கள்: கண்டறிதல், ஆல்ஃபா, பீட்டா, நேரலை. கண்டறிதல் கட்டத்தில் கோடு எழுதுவதில்லை, பிரச்சினை என்ன என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அதன் முடிவில் "இதைக் கட்ட வேண்டாம்" என்றும் சொல்லலாம், அது தோல்வி ஆகாது. ஆல்ஃபாவில் பல வழிகளை மாதிரியாகச் செய்து பார்த்து, உதவாததை எறிந்துவிடுவார்கள். முக்கியமான விஷயம், பயனர் ஆய்வு முதல் கட்டத்தோடு முடிவதில்லை, எல்லாக் கட்டத்திலும் தொடரும். குழுவில் உள்ள எல்லோரும், கோடு எழுதுகிறவர் உட்பட, ஆறு வாரத்துக்கு ஒருமுறை குறைந்தது இரண்டு மணி நேரமாவது பயனர்களை நேரில் கவனிக்கணும் என்பது அவர்கள் பரிந்துரைத்த அளவு.

ஸ்பிரின்ட்டுக்குள் இதை எப்படி நுழைப்பது? கனடாவின் டொரண்டோவில் ஏலியஸ் என்ற நிறுவனம் (பிறகு ஆட்டோடெஸ்க் வாங்கியது) ஸ்கெட்ச்புக் என்ற வரைகலை மென்பொருளைச் செய்தபோது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு தண்டவாளம் மாதிரி. கட்டுகிறவர்கள் இந்த ஸ்பிரின்ட்டின் வேலையைச் செய்யும்போது, வடிவமைப்பாளர்கள் அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு உரியதை மாதிரி செய்து பயனர்களிடம் சோதிப்பார்கள், அதற்கும் அடுத்ததற்குத் தகவல் சேகரிப்பார்கள், போன ஸ்பிரின்ட்டில் கட்டியதையும் சோதிப்பார்கள். 2000-களின் நடுவில் அவர்கள் எழுதிய இந்த முறையே பிறகு இரட்டைத் தட முறை என்று பெயர் பெற்றது.

இரண்டும் சேரும் இடத்தை ஒரே வரியில் காட்டலாம். யூசர் ஸ்டோரிக்கு மூன்று பகுதி: யார், என்ன வேண்டும், எதற்காக. முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதை மேசையில் உட்கார்ந்தபடி ஊகித்து நிரப்புவோம். அந்த "எதற்காக" நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதாக இருந்தால், பேக்லாக்கில் எது முதலில், எது வேண்டவே வேண்டாம் என்பது தானாகத் தெளியும்.

எதிர் உதாரணமும் பிரிட்டனிலேயே இருக்கிறது. பல நலத்திட்டங்களை ஒன்றாக்கும் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தையும் அஜைல் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். ஆனால் 2013 அக்டோபர் என்ற தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. 2013 செப்டம்பரில் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள கணினி வேலை வீணானதாகக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதைச் சொன்னது. காரணங்கள் பல. ஆனாலும் ஒன்று தெரிகிறது: தேதியும் தீர்வும் ஏற்கெனவே முடிவாகிவிட்டால், ஸ்பிரின்ட் வைப்பதால் மட்டும் எதுவும் மாறாது.

இதற்கு விலையும் உண்டு. ஆய்வு நேரம் எடுக்கும். "இன்னும் நாலு பேரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று வேலையைத் தள்ளிப்போடவும் அது சாக்காகலாம். அதனால் ஆய்வுக்கும் ஸ்பிரின்ட் மாதிரியே காலவரம்பு வைப்பது நல்லது. இந்த இரண்டு வாரத்தில் எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டுப் போகணும்.

இப்போது ஏதாவது குழு என்னிடம் யோசனை கேட்டால் நான் இரண்டு கேள்விதான் கேட்கிறேன். இதைப் பயன்படுத்தப் போகிறவரை உங்களில் யார், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? பார்த்தது திட்டத்துக்கு எதிராக இருந்தால், நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டா? இரண்டாவதற்கு "இல்லை" என்றால், எத்தனை மஞ்சள் சீட்டு ஒட்டினாலும் பெரிதாகப் பயன் இருக்காது. எங்க குழுவில் முதல் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், அரை நாள் குடோனில் நின்றாலே போதுமாயிருந்திருக்கும். போனை எடுத்துப் பார்த்த முதல் நிமிடத்திலேயே சிக்னல் இல்லை என்பது தெரிந்திருக்கும்.